சிந்தனையாளராகவும் சமூகத் தொண்டராகவும் வாழ்ந்த நவீன யூத ரபி (யூத மத குரு) யார்?

கேள்வியைப் பார்த்ததும் பலர் அமெரிக்க ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷெல் பெயரைச் சொல்வார்கள். 1965-இல் அமெரிக்காவின் செல்மாவில், கறுப்பின மக்களின் உரிமைக்கான ஊர்வலத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தவர், பெரியவர்தான். ஆனால் நான் ஜெர்மன் ரபி லியோ பெக்கைத்தான் சொல்வேன். எழுதியதற்கும் செய்ததற்கும் நடுவே அவரைப்போல் மாட்டிக்கொண்டவர்கள் குறைவு.

1873-இல் லிஸ்ஸாவில் பிறந்தார். இன்று அது போலந்தில் இருக்கிறது. தத்துவஞானி ஸ்பினோசாவைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். அப்புறம் ஓப்பெல்ன், டுசல்டார்ஃப், 1912 முதல் பெர்லின் என்று ரபி பணி.

பெயர் வாங்கித் தந்தது 1905-இல் வந்த 'யூத மதத்தின் சாரம்'. கிறிஸ்தவத்தின் சாரம் பற்றி ஜெர்மன் கிறிஸ்தவ இறையியலாளர் ஹார்னாக் பேசியபோது, யூத மதத்தை உயிரற்ற சட்டக் குவியலாகக் காட்டியிருந்தார். பெக்கின் புத்தகம் அதற்கான பதில்தான், ஆனால் சண்டை போடும் தொனி அதில் இல்லை. கடவுளைப் பற்றி என்ன நம்புகிறாய் என்பதைவிட, பக்கத்தில் இருப்பவனுக்கு என்ன செய்கிறாய் என்பதே முக்கியம் என்று விரித்து எழுதினார்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அந்த வரிகளை வாழ்ந்து காட்ட வேண்டி வந்தது. ஜெர்மனி யூதர்களின் பொது அமைப்புக்குத் தலைவரானார். பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி, வேலை போனவர்களுக்குத் தொழிற்பயிற்சி, நாட்டைவிட்டுப் போக உதவி எல்லாம் அதன் பொறுப்பு. 1935-இல் யோம் கிப்பூர் என்ற யூதர்களின் பாவமன்னிப்பு நாளுக்கு அவர் எழுதிய பிரார்த்தனையை நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டப்போ தடை செய்து அவரைக் கைதும் செய்தது. வெளிநாட்டு அழைப்புகள் வந்தும் அவர் போகவில்லை. 1943 ஜனவரியில், 69 வயதில், நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். பகலில் குப்பை வண்டி இழுத்தார், மாலையில் நெருக்கியடித்து நின்ற கைதிகளுக்குப் பிளேட்டோவையும் கான்ட்டையும் பற்றிப் பேசினார்.

சிக்கல் இங்கேதான். ஆஷ்விட்ஸ் முகாமில் யூதர்களை விஷவாயுவால் கொல்கிறார்கள் என்ற செய்தி 1943-இல் அவர் காதுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சாவை எதிர்பார்த்தபடி வாழ்வது இன்னும் கொடுமை என்று நினைத்ததாகப் போருக்குப் பிறகு அவரே சொன்னார். தத்துவச் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். தெரிந்திருந்தால் சிலராவது ஆஷ்விட்ஸுக்குப் போகும் ரயிலில் ஏறாமல் தப்பப் பார்த்திருப்பார்களே என்பது பெக்கை விமர்சிப்பவர்களின் வாதம். எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. மனிதனைத் தன் முடிவைத் தானே எடுக்கக் கூடியவன் என்று எழுதியவர், அந்த முடிவை மற்றவர்களுக்காகத் தானே எடுத்துவிட்டார். ஆனால் அவரைக் கோழை என்பவர்களோடு நான் சேர மாட்டேன். தப்பிக்க வழி இருந்தபோதே தங்கியவர் அவர். முகாம் விடுதலையான பிறகும், டைஃபஸ் நோயாளிகளை விட்டுவிட்டு உடனே கிளம்பவில்லை.

அதன்பின் லண்டனில் குடியேறினார், அமெரிக்காவில் சின்சினாட்டியிலும் பாடம் நடத்தினார். முகாமில் தொடங்கிய புத்தகத்தை முடித்துவிட்டு, 1956-இல் காலமானார். படிக்க விரும்பினால் 1905 புத்தகத்தை முதலில் எடுங்கள். கொஞ்சம் கனமான நடைதான், பொறுமை வேண்டும்.