இன்டெலில் சுத்தமாக ஓடிய ஒலி, ஆர்மில் ஏன் ‘டிக்’ என்கிறது?

எம்1 மாக் வாங்கியபின் பழைய பிளகின்கள் லிஸ்டிலேயே வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வெள்ளவத்தை வாசகர்

பழைய பிளகின்கள் (ரெக்கோர்டிங் மென்பொருளுக்குள் செருகும் துணை மென்பொருள்கள்) இன்டெல் சிப்புக்கு எழுதியவை; எம்1 ஆர்ம் வகைச் சிப். ஒரே புரோசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரே மென்பொருளுக்குள், இன்டெல் கோடும் ஆர்ம் கோடும் சேர்ந்து ஓடாது. ரெக்கோர்டிங் மென்பொருளையே ரொசெட்டாவில் (இன்டெல் கோடை ஆர்ம் மாக்கில் ஓடவைக்கும் அப்பிளின் மொழிபெயர்ப்பு வசதி) திறந்து பாருங்கள். அது தற்காலிக வழிதான். ஆர்ம் பதிப்பு வந்திருந்தால் அதையே போடுங்கள்.

அண்ணா, மிருதங்க வகுப்புக்காக நான் எழுதிய ரெக்கோர்டர் இன்டெல் லப்டொப்பில் மாதக்கணக்காக ஒழுங்காக ஓடியது. அதையே ராஸ்பெரி பை 4 என்ற சின்ன ஆர்ம் கணினியில் கொம்பைல் செய்தால் சில நிமிடத்துக்கொரு ‘டிக்’. சிபியூவோ சும்மாதான் இருக்கிறது.
– கொட்டாஞ்சேனை வாசகர்

இதே சத்தத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். வயரை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன். கடைசியில் ஒலிக்குப் பதிலாக 1, 2, 3 என்று ஏறும் எண்களை 4096 இடமுள்ள ரிங் பஃபருக்குள் (நிரம்பியதும் முதல் இடத்திலிருந்து மேலெழுதும் வட்ட நினைவகம்) விட்டேன். 5119க்கு அடுத்து 5120 வரவேண்டிய இடத்தில் 1024 வந்து நின்றது. போன சுற்றில் எழுதிய எண்!

ஒரே மென்பொருளுக்குள் இணையாக ஓடும் வேலைகள்தான் திரெட்கள். எழுதும் திரெட் முதலில் சாம்பிளை (ஒலியின் ஓர் அளவீட்டு எண்) வைக்கிறது, அப்புறம் எதுவரை எழுதியாயிற்று என்று சொல்லும் இண்டெக்ஸை நகர்த்துகிறது. இன்டெலில் மற்ற கோருக்கும் அதே வரிசையில்தான் தெரியும். ஆர்முக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இண்டெக்ஸ் முந்திக்கொண்டால் வாசிக்கும் திரெட் பழைய சாம்பிளை எடுத்துவிடும். உங்கள் கோட் முன்பும் பிழைதான், இன்டெல் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இண்டெக்ஸை அட்டோமிக் (திரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் மாறி) ஆக்குங்கள்: எழுதும்போது ரிலீஸ், வாசிக்கும்போது அக்வயர். இந்த இரண்டும் சேர்ந்தால் சாம்பிளுக்கு முன் இண்டெக்ஸ் முந்தாது. மாறிக்கு வொலட்டைல் என்ற சொல்லைப் போடுவது மட்டும் போதாது. மியூட்டெக்ஸ் என்ற பூட்டும் வேண்டாம். 48,000 ஹேர்ட்ஸில் 64 சாம்பிளுக்குக் கிடைப்பது 1.33 மில்லிசெக்கன்; அதற்குள் பூட்டுக்காகக் காத்திருக்க முடியாது.

எஸ்எஸ்இயில் எழுதிய ஃபில்டர்களை நியோனுக்காகத் திரும்ப எழுத வேண்டுமா?
– தெஹிவளை வாசகர்

உடனே வேண்டாம். பல எண்களை ஒரே தடவையில் கணக்கிடும் கட்டளைகள் இன்டெலில் எஸ்எஸ்இ, ஆர்மில் நியோன். இரண்டும் 128 பிட், ஒரே தடவையில் நான்கு ஃபுளோட் (தசம எண்). எஸ்எஸ்இ2நியோன் ஹெடரைச் சேர்த்தால் பெரும்பாலானவை அப்படியே கொம்பைல் ஆகும். டீநோர்மல்களை (பூச்சியத்துக்கு மிக அருகிலுள்ள நுண்ணிய எண்கள்) பூச்சியமாக்கும் வரியை மட்டும் நீங்களே சரிபாருங்கள்: அந்த அமைப்பு இன்டெலில் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்), ஆர்மில் எஃப்பிசிஆரில் இருக்கிறது. ஒவ்வொரு ஓடியோ திரெட்டிலும் போடவேண்டும்.

இரண்டு மெஷினிலும் வரும் வேவ் ஃபைல்கள் பிட்டுக்குப் பிட் பொருந்தவில்லையே?
– பம்பலப்பிட்டி வாசகர்

பொருந்தாது. பெருக்கலையும் கூட்டலையும் கொம்பைலர் ஒரே கட்டளையாகச் சேர்த்தால் ரவுண்டிங் ஒருமுறைதான் நடக்கும், கடைசி பிட்கள் மாறும். ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டுங்கள். மிச்சம் -120 டெசிபெலுக்குக் கீழே என்றால் சரி, விட்டுவிடலாம். -60இல் நின்றால் அது ரவுண்டிங் இல்லை. ஃபில்டர் ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுங்கள்.