முதுமலைச் சாலை: எந்த வழி, எந்த நேரம்?

கேள்வி: திருப்பூரிலிருந்து எழுதுகிறேன் ஐயா. ஜனவரியில் நான்கு நாள் விடுமுறை கிடைக்கிறது. அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன் ஆகியோருடன் சொந்தக் காரில் ஊட்டி வழியாக முதுமலை, பந்திப்பூர் பார்த்துவிட்டு மைசூரு போகலாம் என்று இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் இதே வழியில் போனபோது நாலைந்து குரங்குகளைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. மேப்பில் கல்லட்டி வழி பாதித் தூரம்தான் காட்டுகிறது, அதில் இறங்கலாமா? சஃபாரி அவசியமா?

பதில்: போன முறை முதுமலைக் காட்டின் நடுவில் இருக்கும் தெப்பக்காட்டை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும் என்பது என் ஊகம். ஊட்டியில் நிதானமாக டிபனை முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில்தான் காட்டுக்குள் நுழைகிறார்கள். அப்போது யானை நிழலில் நிற்கும், புள்ளிமான் படுத்து அசைபோடும், சாலையோரம் குரங்குகள்தான் மிச்சம். காட்டில் குறை ஒன்றும் இல்லை, கடிகாரத்தை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் கல்லட்டி. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் அந்தச் சாலை குறுக்கு வழிதான். ஆனால் வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. காரணம், சரிவு அவ்வளவு செங்குத்து. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்க, அது சூடாகிப் பிடிக்காமல் போய் விபத்துகள் நடந்திருக்கின்றன. நீங்கள் பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகவே வாருங்கள். தூரம் இரண்டு மடங்குக்கு மேல் என்றாலும் எனக்கு அதுதான் பிடித்த வழி. அதிலும் இரண்டாவது கியரில் இறங்குங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும்.

நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள், பணம் இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் அபராதம். எவர்சில்வர் பாட்டில்களை நிரப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஊட்டியில் தங்காதீர்கள். முதல் நாளே இறங்கி, இருட்டுவதற்கு முன் மசினகுடியில் அறை எடுத்து, இரண்டு இரவு அங்கேயே இருங்கள். அப்போதுதான் விடியற்காலை உங்கள் கைக்கு வரும். தெப்பக்காட்டுக்கும் மசினகுடிக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டர்தான். அந்தச் சாலையைக் காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும், இரண்டு நாளும், 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஒருமுறை போய் வாருங்கள். ஜனவரியில் பனி இருக்கும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுங்கள்.

காட்டைப் பார்க்க ஒரு பழக்கம் வேண்டும். மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அடிமரங்களுக்கு இடையில், இடுப்பளவு உயரத்தில் கண்ணை ஓட்டுங்கள். காட்டில் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும். நடுவே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒன்றின் முதுகு. மந்தி ஒன்று உச்சிக்கிளையிலிருந்து விடாமல் குரைப்பதுபோல் கத்தி, கீழே புள்ளிமான்கள் எல்லாம் ஒரே திசையில் பார்த்தபடி காலை உதைத்தால், பக்கத்தில் சிறுத்தையோ புலியோ செந்நாய்க் கூட்டமோ இருக்கிறது என்று பொருள். வண்டியை நிறுத்தாமல் மெதுவாக்குங்கள், கண்ணாடியைச் சற்று இறக்கிக் காது கொடுங்கள்.

இப்போது பெரிய தொல்லை உண்ணிச்செடி. தோட்டத்து அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி காடெங்கும் படர்ந்து, சாலையோரத்தில் சுவர்போல மறைக்கிறது. ஒருமுறை மசினகுடிச் சாலையில் அந்தப் புதருக்குப் பின்னால் செம்மண் படிந்த பாறை ஒன்றைக் கடந்தோம். பின்சீட்டில் இருந்த உறவுக்காரச் சிறுமிதான் “பாறைக்கு வால் இருக்கிறது மாமா” என்றாள். சாலையிலிருந்து பதினைந்தடிகூட இல்லை. வண்டியில் மூன்று பெரியவர்கள் இருந்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே உங்கள் மகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

யானை எதிரே வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். காதை விசிறிக்கொண்டிருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. விசிறல் நின்று, காதை விரித்தபடி தலையைத் தூக்கி உங்களை நேராகப் பார்த்தால் எச்சரிக்கை. தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள். ஹாரன் கூடாது, லைட்டை அடித்துக் காட்டக் கூடாது. பின்னால் போக இடம் இருக்கும்படியே நில்லுங்கள். அது ஓரம் போகும்போது பக்கவாட்டில் நழுவிப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கன்று ஒரு பக்கமும் தாய் மறு பக்கமும் இருந்தால் உங்கள் கார் நடுவில் மாட்டிக்கொள்ளும். படம் எடுக்க இறங்குவது சட்டப்படியும் குற்றம்.

சஃபாரி அவசியமா? ஒருமுறை போகலாம். தெப்பக்காட்டில் வனத்துறையே வண்டி விடுகிறது, காலைச் சுற்றுக்கு டிக்கெட் எடுங்கள். புலி தெரியும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். மசினகுடியில் “நைட் சஃபாரி” என்று காதோரம் கிசுகிசுப்பவர்களைத் திரும்பியும் பார்க்க வேண்டாம், அது சட்டவிரோதம். பிள்ளைகளுக்குச் சஃபாரியைவிடத் தெப்பக்காட்டு யானைகள் முகாம்தான் நினைவில் நிற்கும். ராகியையும் கொள்ளையும் வேகவைத்து, வெல்லம் சேர்த்து, தலையளவு உருண்டையாகப் பிடித்துப் பாகனும் காவடி எனப்படும் அவருடைய உதவியாளரும் யானையின் வாய்க்குள் நேராகத் திணிப்பார்கள். பொங்கலை ஒட்டிப் போனால் யானைப் பொங்கலும் பார்க்கலாம்.

விலங்கு எதுவும் வராத நேரத்திலும் பார்க்க ஒன்று உண்டு, அதுதான் மரங்கள். கூடலூர்ப் பக்கம் நல்ல மழை, பச்சைக் காடு. தெப்பக்காடு வரும்போது தேக்கும் மூங்கிலும் கலந்த இலையுதிர் காடு. மசினகுடி தாண்டினால் மலை மறைத்த மழையற்ற பகுதி, குட்டையான முள்காடு. ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இத்தனை மாற்றம் நம் ஊரில் அபூர்வம். முள்காட்டின் பக்கம் வானத்தையும் பாருங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, அருகிவிட்ட பாறு கழுகுகளுக்கு மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மாநில எல்லையான கக்கநல்லா தாண்டினால் பந்திப்பூர். அந்த நெடுஞ்சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். பந்திப்பூரில் தனியாக ஒரு சஃபாரி வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாயாற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்பது நமக்குத்தான், யானைக்கு இரண்டும் ஒரே காடு. அப்படியே குண்டல்பேட்டை வழியாக மைசூரு.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். சாம்ராஜ்நகர், ஆசனூர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலம் இறங்குங்கள். அதுவும் 2013 முதல் புலிகள் காப்பகம். காரப்பள்ளம் அருகே கரும்பு லாரி முன்னால் போனால் முந்தாதீர்கள், நெருங்கியும் போகாதீர்கள். கரும்புக்காக யானைகள் அங்கே சாலையிலேயே காத்து நிற்கும். லாரி நிற்கும், யானை உருவும், பின்னால் வரிசை சேரும். திம்பத்தில் 27 வளைவுகள். சின்னவனுக்கு வாந்தி வரும் என்றால் ஆசனூரில் சாப்பாடு கொடுக்காமல், பண்ணாரி அம்மன் கோயிலுக்கு இறங்கியபின் கொடுங்கள். அம்மாவுக்கும் அங்கே ஒரு தரிசனம் ஆகும். எப்படியும் மாலை ஐந்துக்குள் பண்ணாரியைத் தொடும்படி மைசூரில் கிளம்பிவிடுங்கள். இரவில் அந்த மலைப்பாதையிலும் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு.