வகுப்பறைக்குக் கம்ப்யூட்டர் வந்ததால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்களா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஹைடெக் லேபில் எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கேட்டால் எந்தப் பள்ளியிலும் உடனே சொல்லிவிடுவார்கள். அதனால் யார் என்ன கற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஆள் மேலே ஃபேனைப் பார்ப்பார்கள்.

பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். லேப்டாப் கொடுத்துப் பதினைந்து மாதம் ஆன பிறகும், கிடைக்காத பள்ளிகளைவிடக் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ சொல்லும்படி உயர்வில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது குஜராத்தில் நடந்த ஆய்வு. ஒரே கணக்கு மென்பொருளைச் சில பள்ளிகளில் ஆசிரியரின் பாடவேளையை எடுத்துக்கொண்டு நடத்தினார்கள். சில பள்ளிகளில் வகுப்பு நேரத்துக்கு வெளியே. முதல் வகையில் மதிப்பெண் இறங்கியது, இரண்டாவதில் ஏறியது. ஆக, கம்ப்யூட்டர் எந்த நேரத்தைத் தின்கிறது என்பதுதான் முதல் கேள்வி. டெல்லியில் பள்ளி முடிந்தபின் நடத்திய ஒரு மையத்தில் நாலரை மாதத்திலேயே கணக்கில் நல்ல ஏற்றம் தெரிந்தது. அங்கே எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் வருமென்றால், மென்பொருள் அங்கிருந்தே அவனுக்குத் தொடங்கும். நாற்பது பேருக்கு ஒரே வீடியோ ஓட்டும் ஸ்மார்ட் போர்டு அந்த வேலையைச் செய்யாது.

சரி, உங்கள் பள்ளியில் எப்படிப் பார்ப்பது? பருவம் தொடங்கும்போதே எல்லோருக்கும் ஒரு சின்னத் தாள் கொடுங்கள்: நாலு வகுத்தல், ரெண்டு பின்னம். 'அ' பிரிவு லேபில் பயிற்சி செய்யட்டும், 'ஆ' பிரிவு அதே நேரம் நோட்டில் செய்யட்டும். பருவ முடிவில் மறுபடி காகிதத்திலேயே சோதியுங்கள். திரையில் வைத்தால் மவுஸ் பழகியவன் ஜெயித்துவிடுவான். அடுத்த பருவம் பிரிவுகளை மாற்றிப் போடுங்கள். பாஸ்வேர்டுக்கும் கரண்ட் கட்டுக்கும் போன நிமிடங்களையும் குறித்து வையுங்கள், அது நிறையவே வரும்.

ஆனால் மதிப்பெண்ணில் தெரியாத பலனும் உண்டு. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்குள்ளும் போனது. டைப் பண்ணவும் விண்ணப்பம் போடவும் அதில் பழகிய பிள்ளைகளைத் தெரியும். அந்தத் திறமை வேண்டுமென்றால் அதற்குத் தனியாகச் சோதனை வையுங்கள். வகுத்தல் கணக்கோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.