மறியலில் இருக்கும் கணவருக்கு இருமல்: பிணைக்கு முன்னால் சளிப் போத்தல்

கேள்வி: என் கணவர் 4 மாதமாக மட்டக்களப்பு சிறைச்சாலையில் விளக்கமறியலில் இருக்கிறார். ஒரு மாதமாக இருமல், ஆளும் நன்றாக மெலிந்துவிட்டார். அவர் படுக்கும் கூடத்தில் ஒருவருக்கு ரீபி என்று கொண்டுபோனார்களாம். எங்களுக்கு 3 வயதுப் பிள்ளை இருக்கிறது. பார்க்கப் போகும்போது பிள்ளையைக் கொண்டுபோகலாமா? அவருடைய உடுப்பை வீட்டில் கழுவலாமா? நீதிமன்றத்தடியில் ஒருவர், 60,000 ரூபாய் தந்தால் ரீபி என்று மருத்துவச் சான்றிதழ் எடுத்துப் பிணையில் விடலாம் என்கிறார். கொடுக்கலாமா? (களுவாஞ்சிக்குடி வாசகி)

பதில்: முதலில் அந்த 60,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள், மகள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரீபி என்கிற காசநோயின் கிருமி இருமலோடு வெளியே வந்து, காற்றோட்டமில்லாத இடத்தில் மணிக்கணக்காக மிதக்கும். அந்தக் காற்றை இரவிரவாகச் சேர்ந்து சுவாசிப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றும். கம்பிக்கு இந்தப் பக்கம் சில நிமிடம் நின்று பேசிவிட்டு வரும் உங்களுக்கு ஆபத்து மிகக் குறைவு, போய்ப் பாருங்கள். பிள்ளையை மட்டும் பரிசோதனை முடிவு வரும்வரை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போங்கள். 5 வயதுக்குக் கீழே தொற்றினால் நோய் வேகமாகப் போகும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி மூளைக் காய்ச்சல் போன்ற மோசமான வகைகளிலிருந்து காப்பாற்றும், ஆனால் நுரையீரலுக்கு முழுப் பாதுகாப்பு தராது.

உடுப்பு, கோப்பை, சாப்பாட்டுப் பெட்டி எதனாலும் காசநோய் வராது. உடுப்போடு வீட்டுக்கு வருவது சொறி. பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துவிட்டு, சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் போடுங்கள். அவ்வளவுதான்.

இப்போது அந்த ஆளிடம் வருவோம். இப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு ஃபைல், இரண்டு போன், எந்தச் சட்டத்தரணியின் பெயரைச் சொன்னாலும் "நம்ம ஆள்தான்" என்பார்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் கணவர் உள்ளே இருக்கிறார், வெளியில் இருக்கும் எந்த டொக்டர் அவருடைய நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்? பதில் வராது. ஆளைப் பார்க்காமல் எழுதிய சான்றிதழை நீதவான் நம்பப்போவதில்லை. சிறைச்சாலை வைத்தியரிடமோ சட்ட வைத்திய அதிகாரியிடமோ அறிக்கை கேட்பார். அங்கே பொய் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு உங்கள் கணவர் இரத்தமாகத் துப்பினாலும் நடிக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

சரி, உண்மையிலேயே காசநோய் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தானாகப் பிணை வாங்கித் தராது, சிறையிலேயே மருந்து கொடுக்க முடியும் என்பதால். பாரமான போதைப்பொருள் வழக்கென்றால் பிணை கொடுக்கும் அதிகாரம் நீதவானுக்கே கிடையாது, மேலுள்ள நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதை உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். சட்டத்தரணிக்கு வசதி இல்லையென்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் வேறு. அந்த 60,000 ரூபாய் வேலை செய்துவிட்டால்? சளி சோதிக்காத, மருந்து தொடங்காத ஒருவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு ஒரே அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார். பார்க்கப் போனபோது வராத ஆபத்தை நீங்கள் காசு கொடுத்து வீட்டுக்குள் கூப்பிட்டதாகிவிடும்.

ஆகவே முதல் வேலை சளிப் பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே செய்ய வேண்டியது, சிறையென்றால் இன்னும் அவசரம். சிறைக்குள் காசநோய் வெளியிலுள்ளதைப் போல பத்து மடங்குவரை என்பது உலகக் கணக்கு. நம் நாட்டுச் சிறைகளில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், அதிலும் பாதிக்கு மேல் உங்கள் கணவரைப் போலத் தீர்ப்பே வராதவர்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸாரின் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபின் நெரிசல் இன்னும் கூடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் காலிச் சிறையில் மூளைச்சவ்வுக் காய்ச்சலில் கைதிகள் இறந்தார்கள். அதற்கு முன் கொரோனா. 2020 நவம்பர் 29-ஆம் தேதி மஹர சிறையில் நோய்ப் பயம் கலவரமாகி 11 பேர் செத்தார்கள். ஒவ்வொரு முறையும் அறிக்கை வரும், ஆட்கள் மாறிமாறிச் சரிந்துதான் படுப்பார்கள்.

சிறைச்சாலை அத்தியட்சகருக்கும் அங்குள்ள வைத்தியருக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள்: எத்தனை நாளாக இருமல், மெலிவு, பக்கத்தில் இருந்தவருக்குக் காசநோய், ஆகவே சளிப் பரிசோதனை வேண்டும். பிரதி ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அடுத்த தவணையில் அதையே சட்டத்தரணி திறந்த மன்றில் சொல்லி, பரிசோதனைக்குக் கட்டளை கேட்கட்டும். அழைத்துப்போகக் காவலர் இல்லை, வாகனம் இல்லை என்பார்கள். ஆள் போகவே தேவையில்லை, போத்தலில் விடியற்காலைச் சளி போனால் போதும்! 14 நாளுக்கு ஒருமுறை வழக்கைக் கூப்பிட முடிகிற நாட்டில் ஒரு சிறிய போத்தலை மார்பு நோய்க் கிளினிக்குக்கு அனுப்ப முடியாதென்றால் யார் நம்புவது? அப்படியும் நடக்கவில்லையென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் முழுக்க இலவசம், யாராவது காசு கேட்டால் அது களவு. காசநோய்க்கு "இரத்த டெஸ்ட்" என்று தனியார் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போகிறவர்களையும் நம்பாதீர்கள்.

பாமசியில் வாங்கிய எந்தக் குளிசையையும் பார்சலுக்குள் வைத்து அனுப்பாதீர்கள். லெவோஃப்ளொக்சசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கிவிடும். சளியில் கிருமி தெரியாது, இருமலும் குறைந்த மாதிரி இருக்கும், பிறகு இரட்டிப்பாக வரும். ஒரு விலக்கு மட்டும் உண்டு, அதை விளக்கமாகச் சொல்கிறேன்: சீனி வருத்தம் (நீரிழிவு). உங்கள் கணவருக்கு அது இருந்தால் கிளினிக் கொப்பியையும் அதில் எழுதிய குளிசைகளையும் அங்குள்ள வைத்தியரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். சீனி கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகும். காசநோய் மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசின் சில சீனிக் குளிசைகளின் வேலையைக் குறைத்துவிடும், அளவை மாற்ற வேண்டிவரும். கொப்பி இல்லாமல் அவர் எதைப் பார்த்து மாற்றுவார்? உள்ளே போனவர் தன் குளிசையின் பெயரைச் சொல்லமாட்டார், "வெள்ளைக் குளிசை" என்பார். அசல் தொலைந்துபோகும் என்று பயந்தால் எல்லாப் பக்கத்தையும் பிரதி எடுத்துக் கொடுங்கள். சீனி இல்லையென்று நினைக்கிறவர்களும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

காசநோய் என்று உறுதியானால் மருந்து 6 மாதம். ஒழுங்காகக் குடித்தால் இரண்டு வாரமளவில் மற்றவருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நின்றுவிடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைப் பார்த்துப் பயந்து குளிசையை விட்டவர்கள் உண்டு. நீங்களும் பிள்ளையும் கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தரக்கூடும்.

மருந்து நடக்கும்போதே பிணை கிடைத்தால், கையொப்பம் வைத்து வெளியே வரும் அன்றே சிகிச்சை அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பிணை கிடைத்த செய்தியைச் சிறையிலிருந்து கிளினிக்குக்குச் சொல்வது எவருடைய வேலை என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன், இன்றுவரை ஒருவரும் கையைத் தூக்கவில்லை. அடுத்த நாள் காலை அட்டையோடு மட்டக்களப்பு மார்பு நோய்க் கிளினிக்குக்குப் போனால், அதற்குப் பிறகு தினக் குளிசையை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரச ஆஸ்பத்திரியிலேயே குடிக்க ஒழுங்குசெய்து தருவார்கள்.