சிங்கப்பூர் பாதுகாப்பான ஊரா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வருகிறேன், சில மாதம் கழித்து மனைவியும் வந்து பார்த்துவிட்டுப் போவார், ஊர் பாதுகாப்பா, போலீஸ் தெருவில் நிறுத்திச் சோதிப்பார்களா, எந்தப் பகுதியில் அறை எடுக்கலாம், வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். நான் வீடு தேடி ஒன்பது வருடம் ஆகிறது, இப்போதைய விலையைக் கேட்டால் எனக்கே தலை சுற்றுகிறது. வேலையிடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். மற்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் 2007-ல் நான் வந்தபோது இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் இல்லை.

பாதுகாப்பான ஊர்தான், சந்தேகமே வேண்டாம். என் மனைவி முதல் தடவை வந்தபோது ஒரு மாதம் வரை தாலிச் சங்கிலியைப் புடவை முந்தானைக்குள் தள்ளி ஊக்கு குத்தித்தான் யீஷூனில் கடைக்குப் போவாள். எங்கள் புளோக்கில் இருந்த மலாய்க்கார அம்மா, கழுத்து வலியா என்று கேட்டாராம். இப்போது இரவு பதினொன்றரைக்கு எம்ஆர்டி ரயிலில் இறங்கித் தனியாக நடந்து வருகிறாள். ஆனால் ஊருக்குப் போகும்போது திருச்சியில் விமானம் இறங்கியதும் கை தானாகச் சங்கிலியை உள்ளே தள்ளும். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் மத்தியானம் உணவங்காடிக்குப் போய்ப் பாருங்கள், மேசைக்கு இடம் பிடிக்க டிஷ்யூ பொட்டலத்தையும் ஆபீஸ் அட்டையையும் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவார்கள். நானே முதலில் அதை யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்து எடுத்துக் கொடுக்கப் போனேன்.

நம் ஆட்களில் ஒரு கூட்டம் உண்டு, விமானத்திலிருந்து நேராக காண்டோவுக்கு, அதாவது வசதியான தனியார் அடுக்குமாடிக்குப் போனவர்கள். உலகத்திலேயே சேஃப் ஊர், கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்பார்கள். அந்தக் 'கண்ணை மூடிக்கொண்டு' என்பதுதான் எனக்குப் பிடிக்காது. குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமில்லை என்று காவல்துறையே ஒட்டி வைத்திருக்கிறது. கீழ்த்தளத்தில் சைக்கிளைப் பூட்டாமல் வைத்தால் போய்விடும், என்னுடையது இரண்டு போயிருக்கிறது. கடைத் திருட்டும் நிறைய. செல்ஃப் செக்அவுட்டில் ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன் என்று சொன்னால் எடுபடாது, சின்ன விலைப் பொருளுக்கும் கோர்ட் வரை இழுபடும். ரயில் கூட்டத்தில் மானபங்கம் செய்து மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மனைவியிடம் சொல்லிவையுங்கள், அப்படி ஏதாவது நடந்தால் சத்தம் போட வேண்டும், 999-க்கு அழைக்க வேண்டும். இங்கே அழைத்தால் போலீஸ் வரும்.

போலீஸ் நிறுத்துவார்களா என்றால், நிறுத்துவார்கள், நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக. வேலை அனுமதி அட்டையைக் காட்டுங்கள், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், போய்க்கொண்டே இருங்கள். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் அட்டைக்குள் நோட்டைச் செருகி நீட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். லாரி ஓட்டும் ஒரு நண்பர் அப்படி 50 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) வைத்து நீட்டினார். அதிகாரி அந்த நோட்டைத் தொடவேயில்லை, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். டிராஃபிக் அபராதத்தோடு போயிருக்க வேண்டியது ஊழல் வழக்காகிவிட்டது. ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952-லிருந்து இதே வேலையாக இருக்கிறது.

பிறகு 2013 டிசம்பர் 8. அதே லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பேருந்து மோதி நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இறந்தார், கூட்டம் வெறியேறி ஆம்புலன்சையும் போலீஸ் காரையும் கொளுத்தியது. அதற்கு முன் நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே கலவரமே கிடையாது. அன்று சாயங்காலம் நானும் அதே தெருவில்தான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன், ஏழு மணி பஸ்ஸில் கிளம்பியதால் தப்பித்தேன். மறுநாள் வேலையிடத்தில் சீனச் சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்த பார்வை போதும். காண்டோ கூட்டம் என்ன சொன்னது தெரியுமா? 'இந்தக் கட்டுமானத் தொழிலாளிகளால் நம் பேரே கெட்டுப்போச்சு.' அதே கூட்டம் பொங்கலுக்குத் தேக்காவில் கரும்பு தூக்க அந்தத் தொழிலாளியைத்தான் கூப்பிடும். சரி, அதை விடுங்கள். அதற்குப் பிறகு 2015 ஏப்ரலில் சட்டம் வந்தது. இரவு பத்தரையிலிருந்து காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். புல்வெளியில் உட்கார்ந்து ஒரு டின் பீர் என்ற ஆசை இருந்தால் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போதே கவனம் வேண்டும். ஹான்ஸ், குட்கா, வேப் (மின்சிகரெட்) எதுவும் கூடாது. ஒரு சிகரெட் பாக்கெட்டைக்கூடச் சொல்லாமல் கொண்டு வரக் கூடாது, வரியில்லாச் சலுகை சிகரெட்டுக்குக் கிடையாது. அம்மா குருமாவுக்கு என்று கசகசா கட்டிக் கொடுப்பார், அதையும் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இங்கே அது போதைப்பொருள் தடுப்புக்காரர்களின் தடைப் பட்டியலில் இருக்கிறது. நிஜப் போதைப்பொருளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. விமான நிலையத்தில் யாராவது இந்தப் பார்சலை என் மச்சானிடம் கொடுத்துவிடுங்கள் என்றால், ஊர்க்காரராகவே இருந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

சிகரெட்டில் நான் பட்டது தனிக் கதை. வந்த ஆறாவது மாதம். தங்குவிடுதிக்குப் பின்னால் புல் மேட்டில் ஒருவன் பிளாஸ்டிக் பையோடு குந்தியிருப்பான், வரி கட்டாத சிகரெட், கடை விலையில் பாதிக்கு ஒரு பாக்கெட். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன், பத்தடி நடந்திருப்பேன். ரப்பர் செருப்பு, பழைய பனியன், எங்களைப் போலவே இருந்த இரண்டு பேர் தோளில் கை வைத்தார்கள். சுங்கத்துறை. ஒரு பாக்கெட்டுக்கு 500 வெள்ளி. அப்போது என் நாள் சம்பளம் 18 வெள்ளி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இருபத்தெட்டு நாள் வேலை புகையாகப் போனது, நான் பற்றவைக்கவே இல்லை. அன்றோடு சிகரெட்டை விட்டேன். என்னைப் பிடித்தவர்கள் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, அடிக்கவில்லை, ரசீது கொடுத்தார்கள். நம் ஊர் ஸ்டேஷன் வாசலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதுதான் அதிர்ச்சி.

ஆனால் உங்களை நான் நிஜமாக எச்சரிக்க நினைப்பது போனைப் பற்றி. 2024-ல் மட்டும் இந்தக் குட்டித் தீவில் மோசடியில் போன பணம் 110 கோடி வெள்ளிக்கு மேல். மனிதவள அமைச்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாஸில் பிரச்சினை என்பார்கள், அழகான ஆங்கிலத்தில், சில சமயம் வீடியோவில் சீருடையோடு. புதிதாக வந்தவன் பாஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே நடுங்குவான், அதுதான் அவர்களுக்கு வேண்டியது. எந்த அமைச்சும் போனில் பணம் அனுப்பச் சொல்லாது. சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு மோசடித் தடுப்பு உதவி எண் 1799-ஐக் கூப்பிடுங்கள்.

ஏமாறுவதாவது பணத்தோடு போகும். வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுவது இருக்கிறதே, அது ஆளையே கொண்டுபோகும். 'ஏடிஎம் அட்டையும் பின் நம்பரும் கொடு, மாதம் 300 தருகிறேன்.' 'சிங்பாஸை (அரசு, வங்கிச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) ஒரு நிமிடம் திறந்து கொடு.' கேட்பவன் பெரும்பாலும் தமிழில்தான் கேட்பான், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். 2025 கடைசியில் வந்த சட்டப்படி மோசடிக்காரனுக்குக் குறைந்தது 6 பிரம்படி, கணக்கு கொடுத்து உதவியவனுக்கும் 12 வரை கொடுக்கலாம். கடுமை என்று சிலர் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன், ஆனால் அப்படிக் கொடுத்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், என் கட்டிலுக்கு மேல் கட்டில். வெல்டிங் கை அவ்வளவு சுத்தம். தங்கை கல்யாணத்துக்குப் பணம் தேவை, யாரோ கேட்டான், அட்டையைக் கொடுத்துவிட்டான். மூன்றாவது வாரம் போலீஸ் கம்பெனிக்கே வந்தது. வேலை அனுமதி ரத்து, விசாரணை முடியும் வரை ஸ்பெஷல் பாஸ். அப்போது அது ஒரு தாள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை செய்ய முடியாது, ஊருக்கும் போக முடியாது. லிட்டில் இந்தியாவில் வேலையிழந்த தொழிலாளிகளுக்கு இலவசச் சாப்பாடு போடும் இடம் உண்டு, ஏழு மாதம் அவனுக்கு அதுதான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன், டீ வாங்கிக் கொடுப்பேன். 'நான் யாரையும் ஏமாத்தலையேண்ணே' என்பான் ஒவ்வொரு தடவையும். அந்தத் தாளை ஒருமுறை கையில் கொடுத்தான். நீட்டித்த தேதிகளாக முத்திரை மேல் முத்திரை விழுந்திருந்தது. நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, செலோடேப் போட்டு ஒட்டியிருந்தான். தங்கை கல்யாணம் அதற்குள் முடிந்துவிட்டது, போட்டோவைத்தான் போனில் காட்டினான், மாப்பிள்ளை நல்லா இருக்காருல்ல என்று கேட்டான்.