உயர் நீதிமன்றத்தில் தோற்ற நில வழக்கை உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்குமா?

கேள்வி: "எங்கள் குடும்ப நில வழக்கில் முன்சீப் கோர்ட்டிலிருந்து ஹைகோர்ட் வரை தோற்றுவிட்டோம். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனால் முதலிலிருந்து விசாரிப்பார்களா? அங்கேயும் தள்ளுபடி ஆனால் அந்தத் தீர்ப்பு சரி என்று ஆகிவிடுமா?"

மாவட்ட அளவில் சிவில் வழக்கு நடத்தும் வழக்கறிஞன் நான். உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் 'இல்லை'. இரண்டாவது 'இல்லை' பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நில வழக்கின் உயிர் முன்சீப் கோர்ட்டில்தான் இருக்கிறது. பத்திரம், பட்டா, அடங்கல் எல்லாம் அங்கேதான் சான்றாவணம் ஆகின்றன. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும் அங்கேதான். சப் கோர்ட்டில் முதல் மேல்முறையீடு போகும்போது அதே சாட்சியங்களை இன்னொரு நீதிபதி முழுசாக எடைபோடுகிறார். ஹைகோர்ட்டில் நடக்கும் இரண்டாவது மேல்முறையீட்டில் அதுகூடக் கிடையாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது இருந்தால்தான் அங்கே வழக்கு நிற்கும். 'வேலி யார் போட்டது', 'வரப்பு எங்கே இருந்தது' என்பதை ஹைகோர்ட் பொதுவாகத் தொடாது.

அதற்கும் மேலே போகும்போது உங்களுக்கு மேல்முறையீட்டு உரிமை என்பதே இல்லை. அரசமைப்பின் 136-வது பிரிவின்படி, மேல்முறையீடு செய்ய அனுமதி கொடுங்கள் என்று கேட்கத்தான் முடியும். வக்கீல்கள் 'எஸ்எல்பி' என்று சொல்வது இந்தச் சிறப்பு அனுமதி மனுவைத்தான். கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். இந்த அதிகாரத்தை அபூர்வமான வழக்குகளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 1950-லேயே, தொடங்கிய அதே ஆண்டில், பிரீத்தம் சிங் வழக்கில் அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புதிய மனுக்கள் வழக்கமாகத் திங்கள், வெள்ளிக்கிழமைகளில் வரும். நீதிபதிகள் கோப்பை முன்கூட்டியே படித்துவிட்டு வருகிறார்கள். உங்கள் வக்கீல் எழுந்து பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். சென்னையிலோ மதுரையிலோ அரை நாள் வாதாடிய வழக்கு அங்கே ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இது கட்சிக்காரர்களுக்குத் தாங்க முடியாத ஏமாற்றமாக இருக்கிறது, எனக்கு அது நன்றாகவே புரிகிறது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் தேடுவது 'இந்த நிலம் யாருடையது' என்பதற்கான பதிலை அல்ல. 'நாங்கள் தலையிட்டே ஆக வேண்டிய விஷயம் இதில் இருக்கிறதா' என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இனி தள்ளுபடி. காரணம் எதுவும் எழுதாமல் ஒரே வரியில் மனுவைத் தள்ளுபடி செய்தால், அனுமதி மறுத்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. ஹைகோர்ட் தீர்ப்பு சரி என்று உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியதாக ஆகாது. 2000-ல் குஞ்ஞயம்மது வழக்கில் மூன்று நீதிபதிகள் இதைத் தெளிவாக எழுதினார்கள். கேரளத்துக் காட்டு நிலம் பற்றிய வழக்கு அது. சிறப்பு அனுமதி மனு தள்ளுபடியான பிறகு கேரள அரசு ஹைகோர்ட்டுக்கே திரும்பிப் போய், தீர்ப்பை நீங்களே மறுபடி பாருங்கள் என்று கேட்கும் சீராய்வு மனு போட்டது. அப்படிப் போட முடியாது என்று எதிர்த்தரப்பு சொன்னது. போடலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலும் இதே நிலைப்பாட்டை உறுதி செய்தார்கள். காரணம் எழுதித் தள்ளுபடி செய்தால், அதில் சொல்லப்பட்ட சட்டம் அரசமைப்பின் 141-வது பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அனுமதி கொடுத்து, மேல்முறையீடாக ஏற்று, விசாரித்துத் தள்ளுபடி செய்தால் கதை வேறு. அப்போது ஹைகோர்ட் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கலந்துவிடும். சீராய்வுக்கு நீங்கள் டெல்லிக்குத்தான் போக வேண்டும்.

'உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது' என்று ஒரு வரித் தள்ளுபடியைத் தலைப்புச் செய்தி ஆக்குகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. அதை நம்பி எதிர்த்தரப்போடு அடிமாட்டு விலைக்குச் சமாதானம் ஆகிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன.

அப்படியானால் எந்தக் குடும்ப நில வழக்கைத்தான் எடுப்பார்கள்? மகள்களின் பங்கு விஷயத்தைப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005-ல் திருத்தப்பட்டு, மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு வந்தது. திருத்தம் அமலுக்கு வந்த 09-09-2005 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில்தான் சிக்கல். இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் பூலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். 2018-ல் தானம்மா வழக்கில், 2001-லேயே தந்தை இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள் வேறு இரண்டு நீதிபதிகள். கீழ்க் கோர்ட்டுகளில் எதைப் பின்பற்றுவது என்ற குழப்பம். கடைசியில் 11-08-2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்த்துவைத்தார்கள்: தந்தை எப்போது இறந்திருந்தாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவது, ஆனால் 20-12-2004-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையைக் கலைக்க முடியாது. ஒரு குடும்பத்தின் வழக்கு, ஆனால் நாடு முழுக்க எத்தனையோ பெண்களின் வழக்குகளுக்கு விடை சொன்னது. உச்ச நீதிமன்றம் இருப்பது இப்படிப்பட்ட வேலைக்குத்தான் என்பது என் கருத்து.

அதனால் மனுக்களை இன்னும் கறாராக வடிகட்டினாலும் நான் வருத்தப்பட மாட்டேன். தலைமை நீதிபதியையும் சேர்த்து முப்பத்துச் சொச்சம் இடங்கள்தான் அங்கே. கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கப் பயன்பட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை எதிர்த்து 2017-ல் போட்ட வழக்குக்கு 2024 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது. அதற்குள் அந்தப் பத்திரங்களோடு ஒரு நாடாளுமன்றத் தேர்தலே முடிந்துவிட்டது. ஜாமீனும் வாடகைத் தகராறும் அந்த நீதிபதிகளின் காலை நேரத்தைத் தின்றால், நாட்டின் பெரிய கேள்விகள் காத்துக்கிடக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஹைகோர்ட் தீர்ப்பு வந்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். நகலுக்கு மனு போட்டதிலிருந்து அது கைக்கு வரும்வரை ஆகும் நாட்களை அந்த 90-ல் சேர்க்க மாட்டார்கள், ஆகவே நகல் மனுவை உடனே போடுங்கள். மனுவை உங்கள் ஊர் வக்கீல் தாக்கல் செய்ய முடியாது. 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' தேர்வு எழுதித் தேறியவர்தான் செய்ய வேண்டும். தமிழில் இருக்கும் பத்திரம், வாக்குமூலம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும். அந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமான வரம்பு இல்லாமலும், மற்றவர்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தாலும் உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவிடம் இலவச வக்கீல் கேட்கலாம். உதவி எண் 15100.

இன்னொன்று. மனு போட்டதாலேயே எதுவும் நின்றுவிடாது. தடையாணை வாங்காதவரை எதிர்த்தரப்பு, தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்கே வரலாம்.

முடிவு எடுப்பதற்கு முன் ஹைகோர்ட் தீர்ப்பை உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். 'இதில் நீதிமன்றம் எந்தச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது?' என்று அவரிடம் கேளுங்கள். அவர் ஒரு சட்டத்தையோ முந்தைய தீர்ப்பையோ காட்டினால் டெல்லிக்குப் போகலாம். 'அந்தச் சாட்சி பொய் சொன்னான் சார்' என்பது மட்டுமே பதில் என்றால், அந்தப் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.