வழிகாட்டியோடு குழுவாகச் சிவனொளிபாத மலை ஏறுகிறோம். இறங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நல்லதண்ணிப் பாதையால் ஏறி அதே பாதையால் இறங்குகிறீர்கள். குழுவில் பதினைந்து பேர், வழிகாட்டி ஒருவர், முழங்கால் வலியுள்ள அம்மாவும் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. மலை 2,243 மீட்டர். நல்லதண்ணியில் இருந்து உச்சி வரை கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம், ஐயாயிரத்துக்கு மேல் படிகள். ஏற நான்கு மணித்தியாலம் என்றால் இறங்க அதில் பாதி போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இளவட்டங்களுக்கு அது சரி. அம்மாவுக்கு இறங்கவும் நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள். நல்லதண்ணியில் இருந்து ரயில் ஏறும் ஹட்டனுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வரை பிடிக்கும். ஆகவே காலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். ரயிலைப் பிடிக்கிற அவசரம் வந்துவிட்டால் வழிகாட்டி சொல்வதை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஏறும்போது களைப்பது மூச்சு. இறங்கும்போது களைப்பது தொடைத் தசை. ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தைப் பிடித்து மெதுவாகக் கீழே விடுவது தொடையின் முன்பக்கத் தசைதான். அது நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் சீக்கிரம் சோர்ந்துபோகும். படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல். தசை சோர்ந்தால் அந்தப் பாரம் முழுக்க மூட்டுக்குப் போகும். கால் வெடவெடவென்று நடுங்கத் தொடங்குவதுதான் அதற்கு அறிகுறி. நடுக்கம் வந்தவர் அந்த இடத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். தேத்தண்ணிக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தசை விறைத்து, எழும்பியதும் முதல் பத்துப் படி இன்னும் மோசமாக இருக்கும். அடிக்கடி நில்லுங்கள், கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அம்மாவுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுங்கள்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். வலிக்கிற கால் கீழ்ப் படிக்குப் போய் நிற்க, மேலே இருக்கிற நல்ல கால் மடங்கி உடம்பை இறக்கிவிடும். பிறகு நல்ல காலும் அதே படிக்கு வர வேண்டும். ஒரு படிக்கு இரண்டு அடி, நேரம் எடுக்கும், ஆனால் முழங்கால் தாங்கும். ஒரு கையில் கம்பி, மறு கையில் தடி. நீளத்தை மாற்றக்கூடிய தடி என்றால் ஏறும்போது வைத்ததைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். தடியைக் கீழ்ப் படியில் ஊன்றிய பிறகுதான் கால் இறங்க வேண்டும்.

உச்சியில் செருப்பு, சப்பாத்தைக் கழற்றித்தான் போக வேண்டும். விடியற்காலைக் குளிரில் ஈரத் தரையில் நின்ற காலோடு, ஏறும்போது வியர்த்த அதே சொக்ஸை மாட்டினால் கொப்புளம் நிச்சயம். காய்ந்த சொக்ஸ் ஒரு சோடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். அந்தப் பையைத் திரும்பக் கொண்டும் வாருங்கள், அந்த மலைக்காடு பாதுகாக்கப்பட்ட பகுதி. சப்பாத்தை மாட்டியதும் குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் பக்கத்து நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். நாடா தளர்வாக இருந்தால் ஒவ்வொரு படியிலும் கால் முன்னால் வழுக்கிப் பெருவிரல் இடிபடும், கீழே வரும்போது நகம் கறுத்திருக்கும். நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள். பாட்டா செருப்போடு ஏறிவிடலாம், ஆனால் பனி படிந்த சிமெந்துப் படியில் இறங்க அது உதவாது.

சூரிய உதயம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்குவார்கள். உச்சிக்குக் கீழே உள்ள மஹகிரிதம்பையில் படி செங்குத்து, இடமும் ஒடுக்கம். பின்னால் இருந்து தள்ளினால் நிற்க முடியாது. அரை மணி நேரம் பொறுத்து இறங்கினால் நெரிசல் குறையும்.

உச்சியில் இன்னொரு ஆபத்து, வழி மாறுவது. இரத்தினபுரிப் பக்கத்துப் பாதையும் அங்கேதான் வந்து சேர்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் போய்ச் சேர்வது பலாபத்தல. அங்கிருந்து நல்லதண்ணிக்கு வாகனத்தில் சுற்றி வரப் பல மணி நேரம் ஆகும். முதல் படியில் கால் வைக்கும் முன் “இது நல்லதண்ணிப் பக்கமா?” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வழிகாட்டி ஒருவர்தான் என்றால் இறங்கும்போது அவர் கடைசியில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்னால் போகிறவர்களுக்குப் படியே வழிகாட்டும். உதவி தேவைப்படுகிறவர் எப்போதும் பின்னால்தான் இருப்பார். முன்னால் போக நிதானமான ஒருவரை நியமித்து, இந்திகட்டுபானையில் ஒன்று, சீத கங்குலையில் ஒன்று என்று நிற்கும் இடங்களை ஏறும்போதே காட்டிவிடுங்கள். கடைசி ஆள் வந்து சேரும் வரை அடுத்த இடத்துக்கு ஒருவரும் கிளம்பக் கூடாது. தலையை எண்ணிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். டிசம்பர் போயா (முழுநிலா நாள்) முதல் மே மாத வெசாக் வரையான பருவத்துக்கு வெளியே போனால் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது. அப்போது ஆளுக்கொரு டோர்ச், அட்டைக் கடிக்கு உப்பு, தண்ணீர் ஒன்றரை லீட்டர்.

தலையிடி வந்தால் உயரம் என்று பயப்பட வேண்டாம். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். இங்கே வருவது பெரும்பாலும் தூக்கமின்மையும் தண்ணீர்க் குறைவும். ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு ஜீவனிப் பக்கெட்டை (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். நீரிழிவு, பிரஷர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். வலி தெரியாமல் இறங்க வெறும் வயிற்றில் ஐபுபுரோபன் போடுவது வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கணுக்கால் பிசகினால் சப்பாத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே கிரேப் பண்டேஜைச் சுற்றுங்கள், கழற்றினால் வீங்கித் திரும்பப் போட முடியாது. கால் விரல்கள் மரத்துப்போனால் பண்டேஜையும் நாடாவையும் தளர்த்துங்கள். நாலு அடி எடுத்துவைக்க முடியாதவரை நடக்க விடாமல் தூக்கித்தான் இறக்க வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990. மஸ்கெலியாவில் வைத்தியசாலை உண்டு, அதைவிடப் பெரியது டிக்கோயாவில். இரண்டு மூன்று நாள் தொடை வலிப்பது வழமை. முழங்கால் வீங்கினாலோ மடக்க முடியாமல் போனாலோ அம்மாவை வைத்தியரிடம் காட்டுங்கள்.